ஆட்டை வைத்து ஆடும் ஆட்டம்: கோட் ஃபார்மேட்டில் கார்டுக் கணக்கு

யூ-கி-ஓ கார்டு ஆட்டத்தில் 'கோட் ஃபார்மேட்' என்றால், 2005-ஆம் வருடத்தின் நடுவில் நான்கைந்து மாதத்தை அப்படியே நிறுத்திவைத்து ஆடுவது. அந்த ஏப்ரலில் வந்த தடைப் பட்டியல்தான் சட்டம். ஜூனில் வெளிவந்த 'தி லாஸ்ட் மில்லெனியம்' வரைக்கும் உள்ள கார்டுகள்தான் சரக்கு. ஆகஸ்டில் வந்த 'சைபர்நெட்டிக் ரெவல்யூஷன்' செட்டுக்கு இதில் இடமில்லை. அதிலிருந்த சைபர் டிராகன், எதிராளியிடம் மான்ஸ்டர் இருந்து நம்மிடம் இல்லையென்றால் ட்ரிப்யூட் (களத்தில் இருக்கிற மான்ஸ்டரைப் பலிகொடுப்பது) எதுவும் கேட்காமல் 2100 அட்டாக்கோடு இறங்கிவிடும். அது வந்தபின் ஆட்டத்தின் நிதானம் போய்விட்டது.

கோவையிலோ ஈரோட்டிலோ ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு பேர் உட்கார்ந்து ஆட இது தோதான ஃபார்மேட். புது செட் வந்துகொண்டே இருக்கிற செலவு கிடையாது. பட்டியல் மாறாது. ஒருமுறை கட்டிய டெக் (கார்டுக் கட்டு) கட்டியபடியே நிற்கும்.

பெயர் வந்தது 'ஸ்கேப்கோட்' என்ற ஒரு ஸ்பெல் கார்டிலிருந்து. அதைப் போட்டால் நான்கு டோக்கன்கள் (கார்டு இல்லாமலே மான்ஸ்டராக எண்ணப்படுபவை) களத்துக்கு வரும். கார்டின் பெயரில் இருப்பது வெள்ளாடு, ஆனால் வருகிற டோக்கனுக்கு 'ஷீப் டோக்கன்' என்று பெயர், அதாவது செம்மறி. காங்கேயம் பக்கம் கொறங்காட்டில் ஆடு மேய்க்கிறவர் யாரிடமும் இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. கார்டு அச்சடித்தவர்கள் தப்பித்துவிட்டார்கள்.

முதலில் கணக்கு

இந்த ஃபார்மேட்டில் புதிதாக ஆடுகிறவர் பெரும்பாலும் லைஃப் பாயிண்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். 8000-த்தில் எவ்வளவு குறைந்தது என்பதுதான் அவருக்குக் கவலை. அனுபவம் உள்ளவர் பார்ப்பது வேறு: எதிராளியின் கையிலும் களத்திலும் சேர்த்து எத்தனை கார்டு, என்னிடம் எத்தனை? இதைத்தான் கார்டு அட்வான்டேஜ் என்கிறார்கள். கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும்.

நீங்கள் சகுரெட்ஸு ஆர்மர் என்ற ட்ராப் (குப்புற வைத்துப் பிறகு திறக்கும் கார்டு) ஒன்றை வைத்திருக்கிறீர்கள். எதிராளி ஒரு மான்ஸ்டரை அடிக்க அனுப்புகிறார், அது அழிகிறது. உங்களுக்கு ஒன்று போனது, அவருக்கும் ஒன்று போனது, கணக்கு நேர். பாட் ஆஃப் கிரீட் போட்டால் ஒரு கார்டு போய் இரண்டு வருகிறது, உங்களுக்கு ஒன்று கூட. டெலின்க்வென்ட் டுவோ 1000 லைஃப் பாயிண்ட் வாங்கிக்கொண்டு எதிராளியின் கையில் இரண்டு கார்டைத் தள்ளிவிடும். முதல் கார்டு குருட்டாம்போக்கில் போகும், இரண்டாவது அவரே பார்த்துத் தருவது. அதுவும் உங்களுக்கு ஒன்று கூடத்தான். கிரேஸ்ஃபுல் சாரிட்டி மூன்று எடுத்து இரண்டைப் போடச் சொல்லும். எண்ணிப் பார்த்தால் அந்த ஸ்பெல்லோடு சேர்த்து மூன்று போய் மூன்று வருகிறது, கணக்கு நேர். ஆனால் போடுகிற இரண்டில் ஒன்று ஸினிஸ்டர் ஸெர்பென்ட்டாக இருந்தால், உங்கள் அடுத்த ஸ்டாண்ட்பை ஃபேஸில் (டர்னின் தொடக்கக் கட்டம்) அந்தப் பாம்பு கிரேவ்யார்டிலிருந்து (கழித்த, அழிந்த கார்டு சேரும் இடம்) கைக்குத் திரும்பி வந்துவிடும். அப்போது உங்களுக்கு ஒன்று கூட.

இந்த மூன்று ஸ்பெல்லும் ஒவ்வொன்று மட்டும்தான் அனுமதி. எல்லா டெக்கிலும் மூன்றும் இருக்கும். டெக்கைச் சரியாக 40 கார்டில் நிறுத்தச் சொல்வதும் இதனால்தான். அன்றைய விதிப்படி முதலில் ஆடுகிறவரும் கார்டு எடுக்கலாம், ஆக முதல் டர்னில் ஆறு கார்டு பார்ப்பீர்கள். 40 கார்டு டெக்கில் அந்த ஆறில் மூன்றில் ஒன்றாவது இருக்க 39 சதவீத வாய்ப்பு. "இதையும் சேர்த்துக்கலாமே" என்று 45 ஆக்கினால் அது 36-க்கு இறங்கிவிடும். மூன்று சதவீதம்தானே என்று தோன்றும். ஒவ்வொரு டிராவிலும் அதே இழப்பு தொடரும்.

ரைகெக்கி, ஹார்ப்பீஸ் ஃபெதர் டஸ்டர் மாதிரி ஒரே கார்டில் களத்தையே துடைத்தெடுப்பவை இந்தப் பட்டியலில் தடை. யாட்டா-கராசு, கேயாஸ் எம்பரர் டிராகன் இரண்டும் தடை. மொத்தமாக அடிக்க வழி குறைவு என்பதால், ஒன்றொன்றாகச் சேர்த்தவர் ஜெயிக்கிறார்.

ஆடுகள் எதற்கு

ஷீப் டோக்கன் ஒவ்வொன்றும் லெவல் 1, அட்டாக் 0, டிஃபென்ஸ் 0. நான்கு அடி வாங்க ஆள் கிடைத்தது என்று அவற்றைச் சுவராக நினைப்பது ஆரம்பப் பிழை. ஏர்நைட் பார்ஷத் 1900 அட்டாக்கோடு ஓர் ஆட்டை அடித்தால் அந்த 1900-மும் உங்கள் மேல் ஊடுருவும், போதாததற்கு எதிராளி ஒரு கார்டும் எடுத்துக்கொள்வார். ஆசுரா பிரீஸ்ட் ஒரே டர்னில் நான்கு ஆட்டையும் அடித்துவிடும். ட்ரைப்-இன்ஃபெக்டிங் வைரஸ் ஒரு கார்டைக் கழித்துவிட்டு, ஆட்டு டோக்கனின் இனமான "பீஸ்ட்" என்று சொன்னால் பட்டியே காலி. கழித்தது ஸெர்பென்ட் என்றால் அதுவும் இலவசம்.

ஆட்டின் உண்மையான வேலை மெட்டமார்ஃபஸிஸுக்குத் தீனியாவது. அந்த ஸ்பெல் ஒரு மான்ஸ்டரை ட்ரிப்யூட்டாக வாங்கிக்கொண்டு, அதே லெவலில் உள்ள ஒரு ஃப்யூஷன் மான்ஸ்டரை, தனியாக வைத்திருக்கும் ஃப்யூஷன் டெக்கிலிருந்து இறக்கும். லெவல் 1-ல் இருக்கிற ஃப்யூஷன் தௌசண்ட்-ஐஸ் ரெஸ்ட்ரிக்ட். ஆடுகிறவர்கள் சுருக்கமாக 'டெர்' என்பார்கள்.

டெர் களத்தில் முகம் தெரிய இருக்கும்வரை வேறு எந்த மான்ஸ்டரும் அடிக்க முடியாது, பொசிஷன் (அட்டாக், டிஃபென்ஸ் நிலை) மாற்றவும் முடியாது. ஒரு டர்னுக்கு ஒருமுறை எதிராளியின் மான்ஸ்டர் ஒன்றை விழுங்கித் தன்மேல் மாட்டிக்கொள்ளும். விழுங்கியதன் அட்டாக்கும் டிஃபென்ஸும் டெருக்கு வந்துவிடும். அடிபட்டு அழியவேண்டிய நேரத்தில் மாட்டியிருப்பது போகும், டெர் தப்பித்துக்கொள்ளும். ஒரு எச்சரிக்கை: "வேறு எந்த மான்ஸ்டரும்" என்பதில் உங்கள் மான்ஸ்டர்களும் அடக்கம். டெரை வைத்துக்கொண்டு பக்கத்தில் இருக்கிற ஏர்நைட்டால் அடிக்கலாம் என்று கணக்குப் போட்டு மாட்டுகிறவர்கள் நிறைய.

கணக்கைப் பாருங்கள். ஸ்கேப்கோட் ஒன்று, மெட்டமார்ஃபஸிஸ் ஒன்று, ஆக இரண்டு செலவு. வந்தது ஒரு டெர். எதிராளிக்குப் போனது ஒரு மான்ஸ்டர். இதுவரை நேர். ஆனால் மூன்று ஆடு மிச்சம், டெரும் நிற்கிறது. இங்கேதான் சுகுயோமி என்ற மான்ஸ்டர் வருகிறது. நார்மல் சம்மன் செய்தால் (கையிலிருந்து களத்தில் இறக்கினால்) முகம் தெரியும் மான்ஸ்டர் ஒன்றைக் குப்புறக் கவிழ்க்கும், டர்ன் முடிவில் தானே கைக்குத் திரும்பிவிடும். போன டர்னிலேயே களத்துக்கு வந்த டெரை சுகுயோமியால் கவிழ்த்தால், மாட்டியிருந்த மான்ஸ்டர் கிரேவ்யார்டுக்குப் போகும். டெரை ஃப்ளிப் சம்மன் செய்யுங்கள் (முகம் தெரியத் திருப்புங்கள்), வயிறு காலி, இன்னொன்றை விழுங்கும். சுகுயோமி கைக்கு வந்துவிட்டது, அடுத்த டர்னில் மறுபடியும் அதே வேலை. ஒவ்வொரு டர்னிலும் எதிராளிக்கு ஒரு கார்டு போகிறது, உங்களுக்கு ஒன்றும் போகவில்லை.

மெஜிஷியன் ஆஃப் ஃபெய்த், ஸினிஸ்டர் ஸெர்பென்ட் இரண்டும்கூட லெவல் 1. ஆடு இல்லாத நேரத்தில் அவையும் டெராக மாறும். ஏற்கெனவே வயிறு நிறைந்த டெரையே மெட்டமார்ஃபஸிஸுக்குக் கொடுத்து இரண்டாவது டெரை இறக்குவதும் உண்டு.

எப்போது, எதற்கு முன்னால்

ஸ்கேப்கோட்டில் ஒரு கட்டுப்பாடு: அதைப் போட்ட டர்னில் வேறு மான்ஸ்டரை நீங்கள் சம்மன் செய்ய முடியாது, செட் (குப்புற வைப்பது) மட்டும் செய்யலாம். ஆகவே உங்கள் டர்னில் போட்டால் அதே டர்னில் டெர் வராது. ஒரு டர்ன் முன்னதாகவே செட் செய்துவிட்டு, எதிராளியின் எண்ட் ஃபேஸில் திறப்பதுதான் முறை. ஆடுகள் அடிபடாமல் நிற்கும், உங்கள் டர்ன் வந்ததும் மெட்டமார்ஃபஸிஸ். இடையில் அவர், ஸ்பெல் ட்ராப் ஒன்றை அழிக்கும் மிஸ்டிகல் ஸ்பேஸ் டைஃபூனை அதன்மேல் போட்டால், பதிலுக்கு அப்போதே திறந்துவிடலாம்: அவர் கார்டு வீண், உங்களுக்கு நான்கு ஆடு. செட் செய்த அதே டர்னில் மட்டும் திறக்க முடியாது என்பதை மறக்கக் கூடாது.

ஒரு டர்னைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். அண்ணனும் தம்பியும் ஆடுகிறார்கள் என்று வையுங்கள். அண்ணனிடம் ஜின்ஸோ, 2400 அட்டாக், எல்லா ட்ராப்பையும் முடக்கி நிற்கிறது. பின்வரிசையில் ஒரு கார்டு செட். "முடிச்சுட்டேன்" என்கிறார்.

"எண்ட் ஃபேஸ்ல ஸ்கேப்கோட்டுங்ணா."

ஜின்ஸோ முடக்குவது ட்ராப்பை மட்டும்தான், இது ஸ்பெல், தடை இல்லை. நான்கு ஆடு இறங்கின. தம்பி டர்னில் மெட்டமார்ஃபஸிஸ், ஓர் ஆடு போய் டெர் வந்தது. உடனே ஜின்ஸோவை விழுங்கச் சொல்கிறான். அண்ணன் செட் கார்டைத் திறக்கிறார்: புக் ஆஃப் மூன். டெர் குப்புறக் கவிழ்கிறது, விழுங்குதல் ஒன்றுமில்லாமல் போகிறது. இந்த டர்னில்தான் சம்மன் ஆனது என்பதால் அதைத் திருப்பிப் போடவும் முடியாது. அடுத்த டர்னில் டிஃபென்ஸ் 0-வோடு கவிழ்ந்து கிடக்கும் டெரை ஜின்ஸோ சாதாரணமாக அடித்துவிடும்.

தம்பியின் கையில் மிஸ்டிகல் ஸ்பேஸ் டைஃபூனும் இருந்தது என்று வையுங்கள். மெட்டமார்ஃபஸிஸுக்கு முன்னால் அதை அந்தச் செட் கார்டின்மேல் போட்டிருக்க வேண்டும். அண்ணன் புக் ஆஃப் மூனைப் பதிலுக்குத் திறந்தாலும், டெர் இன்னும் வரவில்லை. டோக்கனைக் கவிழ்க்க விதியில் இடமில்லை. தன் ஜின்ஸோவைக் கவிழ்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். கையிலிருந்த அதே கார்டுகள்தான், வரிசை மட்டும் வேறு. கோட் ஃபார்மேட்டில் தோற்றவர்களில் பாதிப் பேர் கார்டு இல்லாமல் தோற்றவர்கள் அல்ல, முன்னது பின்னதாகப் போட்டவர்கள்.

துண்டுக்குள் விரல்

கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டை மேலே போட்டுக்கொண்டு விரலைப் பிடித்து விலை பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். சுற்றி நிற்கிறவர்களுக்குப் பேரம் நடப்பது தெரியும், தொகை தெரியாது. குப்புறச் செட் செய்த மான்ஸ்டரும் அதே மாதிரிதான். மெஜிஷியன் ஆஃப் ஃபெய்த்தாக இருக்கலாம், திருப்பினால் கிரேவ்யார்டிலிருந்து ஒரு ஸ்பெல் கைக்கு வரும். டெகோய்ச்சியாக இருக்கலாம், திருப்பினால் ஒரு கார்டு. ஸாங்கனாக இருக்கலாம், களத்திலிருந்து கிரேவ்யார்டுக்குப் போனால் 1500 அட்டாக்குக்கு உட்பட்ட ஒரு மான்ஸ்டரை டெக்கிலிருந்து எடுத்துத் தரும்.

இதற்கு எதிர்மருந்து நோபிள்மேன் ஆஃப் கிராஸவுட். குப்புற இருப்பதை அழித்து ஆட்டத்தைவிட்டே நீக்கும். அது ஃப்ளிப் மான்ஸ்டராக இருந்தால் இரண்டு பேர் டெக்கிலும் உள்ள அதே பெயர் கார்டுகள் எல்லாம் நீங்கும். முதல் டர்னிலேயே மெஜிஷியன் ஆஃப் ஃபெய்த்தைச் செட் செய்யாதீர்கள் என்று சொல்வதற்கு இரண்டு காரணம்: நோபிள்மேன் வந்தால் இரண்டாவது மெஜிஷியனும் சேர்ந்து போகும். அடிபட்டுத் திரும்பினாலும் கிரேவ்யார்டில் எடுக்க நல்ல ஸ்பெல் ஒன்றும் இருக்காது. முதலில் டெகோய்ச்சியையோ ஸாங்கனையோ வைத்து நோபிள்மேனை வெளியே வரவழையுங்கள்.

பின்வரிசைக்கும் ஒரு வழக்கம் உண்டு. ஹெவி ஸ்டார்ம் ஒன்று எல்லா டெக்கிலும் இருக்கும், இரண்டு பக்கத்து ஸ்பெல் ட்ராப் அனைத்தையும் வாரிக்கொண்டு போகும். அது இன்னும் வரவில்லையென்றால் இரண்டுக்கு மேல் செட் செய்வது ஆபத்து. மூன்று வைத்து ஹெவி ஸ்டார்ம் விழுந்தால் அவர் ஒன்று கொடுத்து மூன்று எடுத்துக்கொண்டார். டெர் விழுங்கிய மான்ஸ்டரும் அந்தக் கணக்கில் சேரும், ஏனென்றால் அது ஸ்பெல் வரிசையில் ஈக்விப்பாக உட்கார்ந்திருக்கிறது. சொந்த ஹெவி ஸ்டார்மால் டெரின் வயிற்றைக் காலி செய்துகொள்பவர்களும் உண்டு. வேண்டுமென்றே செய்தால் நல்ல ஆட்டம்.

பிரையாரிட்டி

இப்போதைய யூ-கி-ஓ ஆடிப் பழகியவர்கள் அடிக்கடி தடுமாறும் இடம் இது. 2011 வரை இருந்த விதிப்படி, நீங்கள் ஒரு மான்ஸ்டரைச் சம்மன் செய்தவுடன், எதிராளி எதையும் திறப்பதற்கு முன்னால் அதன் இக்னிஷன் எஃபெக்டை (தன் டர்னில் நாமே தொடங்கும் எஃபெக்ட்) நீங்கள் பயன்படுத்தலாம். எக்ஸைல்டு ஃபோர்ஸை இறக்கி அப்போதே அதையே ட்ரிப்யூட்டாக்கி ஒரு மான்ஸ்டரை அழிக்கலாம். சம்மன் நடந்தால் களத்து மான்ஸ்டர் எல்லாவற்றையும் அழிக்கும் டொரென்ஷியல் ட்ரிப்யூட் ட்ராப்பை எதிராளி பதிலுக்குத் திறக்கலாம், ஆனால் எக்ஸைல்டு ஃபோர்ஸ் தன் எஃபெக்டைத் தொடங்குவதைத் தடுக்க முடியாது. ட்ரைப்-இன்ஃபெக்டிங் வைரஸ், பிளாக் லஸ்டர் சோல்ஜர், டெர் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். வாயைத் திறந்து சொல்ல வேண்டும். சம்மன் செய்துவிட்டு யோசித்துக்கொண்டிருந்தால் எதிராளி முந்திக்கொள்வார்.

பாட்டம்லெஸ் ட்ராப் ஹோல் டெரைத் தொடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். அதற்கு 1500 அட்டாக் வேண்டும், டெர் வரும்போது 0.

ஒரு டெக்

இப்படிக் கட்டினால் ஆரம்பத்துக்குத் தாங்கும். மான்ஸ்டர் 16: பிளாக் லஸ்டர் சோல்ஜர் 1, ஜின்ஸோ 1, ஏர்நைட் பார்ஷத் 2, ட்ரைப்-இன்ஃபெக்டிங் வைரஸ் 1, பிரேக்கர் 1, டி.டி. வாரியர் லேடி 1, டி.டி. அஸெய்லன்ட் 1, ஸாங்கன் 1, ஸினிஸ்டர் ஸெர்பென்ட் 1, மெஜிஷியன் ஆஃப் ஃபெய்த் 2, சுகுயோமி 1, டெகோய்ச்சி 3. ஸ்பெல் 15: முன்னே சொன்ன மூன்று, ஹெவி ஸ்டார்ம், மிஸ்டிகல் ஸ்பேஸ் டைஃபூன், ஸ்னாட்ச் ஸ்டீல், பிரிமெச்சூர் பரியல் ஒவ்வொன்று, மெட்டமார்ஃபஸிஸ், ஸ்கேப்கோட், நோபிள்மேன், புக் ஆஃப் மூன் இரண்டிரண்டு. ட்ராப் 9: ரிங் ஆஃப் டிஸ்ட்ரக்ஷன், டொரென்ஷியல் ட்ரிப்யூட், கால் ஆஃப் தி ஹான்டட், ட்ராப் டஸ்ட்ஷூட் ஒவ்வொன்று, சகுரெட்ஸு ஆர்மர் 3, டஸ்ட் டொர்னேடோ 2.

பிளாக் லஸ்டர் சோல்ஜர் இறங்க கிரேவ்யார்டிலிருந்து லைட் வகை மான்ஸ்டர் ஒன்று, டார்க் வகை மான்ஸ்டர் ஒன்று நீக்க வேண்டும். இந்த டெக்கில் லைட் என்று பார்த்தால் ஏர்நைட், வாரியர் லேடி, மெஜிஷியன் சேர்ந்து ஐந்துதான். டார்க்குக்குப் பஞ்சமில்லை, டெரும் டார்க். அதனால் சாரிட்டி போடும்போது கழிக்க வேண்டியது லைட்டா டார்க்கா என்று யோசிக்கும் இடத்தில், ஏற்கெனவே டார்க் கிடக்கிறதென்றால் லைட்டைக் கழியுங்கள். ஃப்யூஷன் டெக்கில் டெர் 2, லெவல் 5-க்கு டார்க் பால்ட்டரும் ஃபீண்ட் ஸ்கல் டிராகனும், லெவல் 6-க்கு ரியூ சென்ஷி. ஏர்நைட்டையும் ஜின்ஸோவையும் மெட்டமார்ஃபஸிஸுக்குக் கொடுக்க அவை உதவும். ஸ்னாட்ச் ஸ்டீலால் பிடித்த மான்ஸ்டரை அப்படிக் கொடுத்துவிட்டால் அது எதிராளியிடம் திரும்பாது, அவருக்கு டர்னுக்கு 1000 லைஃப் பாயிண்ட் ஏறுவதும் நின்றுவிடும்.

கணக்கை வேறு மாதிரி போடுகிறவர்கள்

வாரியர் டெக் ஆடுகளுக்கு நேரமே தராது. டான் ஸலூக் அடித்து டேமேஜ் ஏற்றினால் கையிலிருந்து ஒரு கார்டு போகும். பிளேடு நைட் தன் கை காலியாகக் காலியாக பலம் ஏறும்: கையில் ஒன்றோ அதற்குக் குறைவோ இருந்தால் 1600-லிருந்து 2000. மிஸ்டிக் ஸ்வார்ட்ஸ்மேன் லெவல் 2 குப்புற இருப்பதைத் திருப்பாமலேயே அழித்துவிடும், அதனால் மெஜிஷியன், டெகோய்ச்சி எதுவும் பலன் தராது. முதல் நான்கு டர்னில் முன்னே போகவில்லையென்றால் இந்த டெக் மூச்சுவாங்கும்.

பர்ன் டெக் கார்டுக் கணக்கையே பார்க்காது. கிராவிட்டி பைண்ட், லெவல் லிமிட் ஏரியா பி வைத்து அடியை நிறுத்திவிட்டு, நேராக லைஃப் பாயிண்டைச் சுடும். வேவ்-மோஷன் கேனன், போட்டவரின் கடந்த ஒவ்வொரு ஸ்டாண்ட்பை ஃபேஸுக்கும் 1000. ஜஸ்ட் டெஸர்ட்ஸ் எதிராளியின் மான்ஸ்டர் ஒன்றுக்கு 500. பர்னுக்கு எதிராக ஸ்கேப்கோட் போடுகிறவர், தானே நான்கு ஆட்டை நிறுத்தி 2000 வாங்கிக்கொள்கிறார். சைடு டெக்கில் (ஆட்டங்களுக்கு நடுவில் மாற்றிக்கொள்ள வைக்கும் கார்டுகள்) டஸ்ட் டொர்னேடோ மூன்றாவதை வைத்துக்கொண்டு, ஸ்கேப்கோட்டை வெளியே எடுங்கள். ரீஸனிங், மான்ஸ்டர் கேட் இரண்டையும் வைத்துப் பெரிய மான்ஸ்டரைக் குருட்டாம்போக்கில் இறக்கும் டெக்கும் உண்டு. ஓடினால் நிறுத்த முடியாது, ஓடாவிட்டால் தானே விழும்.

கார்டுக்கு எங்கே போவது

'டூயலிங்புக்' தளத்தில் இலவசமாகவே கோட் ஃபார்மேட் ஆடலாம். விதி எல்லாம் கையால் செய்ய வேண்டியிருப்பதால் கற்றுக்கொள்ள அதுதான் நல்லது. நேரில் ஆட, நண்பர்களுக்குள் என்றால், ப்ராக்ஸி (அசல் கார்டுக்குப் பதிலான நகல்) அச்சடித்துக்கொள்ளலாம். யூ-கி-ஓ கார்டு 59-க்கு 86 மில்லிமீட்டர். ஏ4 தாளில் மூன்றுக்கு மூன்று, ஒன்பது கார்டு வரும். மெயின் 40, சைடு 15, ஃப்யூஷன் 8, மொத்தம் 63: சரியாக ஏழு தாள். ஜெராக்ஸ் கடையில் 'ஃபிட் டு பேஜ்' தேர்வை எடுத்துவிட்டு நூறு சதவீத அளவில் அச்சடிக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் ஓரம் சுருங்கி ஸ்லீவுக்குள் ஆடும். ஸ்லீவ் வாங்கும்போது 62-க்கு 89 மில்லிமீட்டர் சின்ன அளவைக் கேளுங்கள். கடையில் பெரும்பாலும் கிடைக்கும் 66-க்கு 91 பெரிய ஸ்லீவில் தாள் நழுவி, ஷஃபிள் பண்ணும்போது ப்ராக்ஸி எது என்று விரலுக்கே தெரிந்துவிடும். வெறும் தாளை மட்டும் சொருகாமல் பின்னால் ஒரு பழைய யூ-கி-ஓ கார்டையோ அதே அளவுக்கு வெட்டிய அட்டையையோ வைத்தால் கனம் எல்லாவற்றுக்கும் ஒன்றுபோல இருக்கும். ஆடு டோக்கனுக்கு அச்சடிக்கவே வேண்டாம், நான்கு புளியங்கொட்டை போதும்.